இஸ்திரிச் சூட்டில் எழும்பிய கறை

மழை பிடித்துக்கொண்டால் சலவைக்கடைக்காரனுக்குக் கை ஒடிந்த மாதிரிதான். சோப்பு இருக்கிறது, ஆள் இருக்கிறது, தண்ணீருக்கோ பஞ்சமே இல்லை. துணி மட்டும் காயமாட்டேன் என்று அடம் பிடிக்கும். அந்த வருஷத்து மழை, வந்த விருந்தாளி பெட்டியைத் திறந்து துணிமணியை அலமாரியில் அடுக்கிக்கொண்ட கதையாக, போகிற எண்ணமே இல்லாமல் தங்கிவிட்டது. கடைக்குள் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டியும் இடம் போதவில்லை. உலர்த்தும் மெஷின் ஒன்று உண்டு என்று பேர். அது பாதித் துணியைப் பாதி காயவைத்துவிட்டு மூச்சு வாங்கும்.

ஆகவே முக்கால்வாசி வேலை இஸ்திரிக்காரர் தலையில் விழுந்தது. ஈரம் மிச்சமிருக்கிற துணியைப் பெட்டியால் அழுத்தி அழுத்தியே காயவைக்க வேண்டும். ஆவி முகத்தில் அடிக்கும். கண்ணாடி மூக்குக்கண்ணாடியாக இல்லாமல் பனிக்கண்ணாடியாகிவிடும். மனுஷன் பிறவியிலேயே ஒல்லி. அந்த மழைக்காலத்தில் மேசைக்காலோடு போட்டிக்கு நின்றார்.

தெருமுனைக் கடை அது. முன்னால் கவுண்டர். அங்கே உட்காருவது அவருடைய தங்கை. துணி வாங்குவது, கொடுப்பது, பட்டன் தைப்பது, கிழிசலுக்கு ஒட்டுப் போடுவது எல்லாம் அவள் பொறுப்பு. தெருவில் யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வதும் அவளே விரும்பி எடுத்துக்கொண்ட பொறுப்பு. நடுவில் இஸ்திரி மேசை. பின்கட்டில் தொட்டியும் மெஷின்களும். மாடியில் வீடு. சின்ன வேன் வண்டியில் போய்த் துணி எடுத்து வருவதும் கொண்டு கொடுப்பதும் மகள் வேலை.

பின்கட்டை ஆண்டவள் அவர் மனைவி. அவளைக் கறையக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். மை, எண்ணெய், துரு, பழச்சாறு, வண்டி மசகு, எதுவாக இருந்தாலும் சரி, அவள் கைக்குப் போனால் கறை தன்னால் வெட்கப்பட்டு இறங்கிவிடும் என்று பேச்சு. நல்ல கனத்த உடம்பு. மாடிப்படியில் அவள் இறங்கினால் கீழே இருப்பவர்களுக்குத் தெரியும். தெரியட்டுமே, அதனால் என்ன என்று இறங்குகிறவள். ஊறின போர்வையைத் தனியாளாய்த் தூக்கிப் பிழிவாள். அதை இஸ்திரிக்காரர் தூக்கினால் போர்வைதான் அவரைப் பிழியும்.

கடையில் ஒரு சட்டம் இருந்தது. எழுதி மாட்டின சட்டம் இல்லை, கறையக்கா போட்டது. கறை எப்படி வந்தது என்று யாரிடமும் கேட்கக் கூடாது. "சட்டையில லிப்ஸ்டிக்கு இருந்தா நமக்கு அது லிப்ஸ்டிக்கு, அவ்ளோதான். யாருதுங்கறது நம்ம வேலை இல்ல. நாம கேட்டா அடுத்த தடவை அவங்க வேற கடைக்குப் போவாங்க" என்பாள். கவுண்டரில் இருக்கும் நாத்தனாருக்கு இது பட்டினி போட்ட மாதிரி. ஆனாலும் அண்ணி சொல்லுக்குக் கட்டுப்பட்டாள். அந்தச் சட்டத்தால்தான் கடை ஓடியது. அதே சட்டம்தான் வீட்டையே கவிழ்க்கப் பார்த்தது.

சொந்த வீட்டுத் துணிக்கு இஸ்திரி போடும் வழக்கம் அங்கே இல்லை. ஊருக்கெல்லாம் மடிப்பு, வீட்டுக்குச் சுருக்கம். துவைப்பார்கள், காயப்போடுவார்கள், உதறி விரிப்பார்கள், தீர்ந்தது. அந்த மழையில் படுக்கை விரிப்பு காயாமல் புளித்த வாடை அடிக்க ஆரம்பித்ததால் இஸ்திரிக்காரர் வேறு வழியில்லாமல் அதையும் மேசையில் போட்டார். வெள்ளை விரிப்பு. ஒரு பொட்டு அழுக்கில்லை. பெட்டியை ஓட்டி எடுத்தார். நடுவில் வெளிறின பழுப்பில் ஒரு வட்டம் மெதுவாக எழும்பி வந்தது.

இந்தப் பழுப்பு அவருக்குப் புதிதில்லை. ரத்தக் கறையைப் பச்சைத் தண்ணீரில் அலசினால் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். முழுசாகப் போகாமல் நூலுக்குள் கொஞ்சம் தங்கியிருந்தால், சூடு பட்டதும் வெளியே வரும். ஆஸ்பத்திரித் துணியில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார்.

விரிப்பை மடித்தார். கறை உள்பக்கம் போகிற மாதிரி மடித்தார். மகளுடையதாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். வளர்ந்த பெண் இருக்கிற வீடு, அப்பன்காரன் அதையெல்லாம் பார்க்கக் கூடாது. பார்த்தாலும் பார்க்காத மாதிரி இருக்க வேண்டும். அப்படித்தான் அவர் இத்தனை வருஷம் இருந்தார்.

பிறகு ஒரு நாள் உள்பாவாடை ஒன்று மேசைக்கு வந்தது. மகளுடையது இல்லை, அந்த அளவுக்கு அகலமான உள்பாவாடை அந்த வீட்டில் ஒருத்திக்குத்தான் உண்டு. அதிலும் பழுப்பு எழும்பியது. அவளுக்கு அது நின்று வருஷங்கள் ஆகிவிட்டன. நின்ற அன்று "விட்டது தொல்லை" என்று எல்லோருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தவள்.

இப்போது அந்த மனுஷன் என்ன செய்திருக்க வேண்டும்? மாடிக்குப் போய், "இந்தா, இது என்ன?" என்று கேட்டிருக்க வேண்டும். அவர் கேட்கவில்லை. உள்பாவாடையையும் மடித்து வைத்தார். கல்யாணமான நாளிலிருந்து ஒரே கட்டிலில் படுக்கிறவர், கவுண்டரில் வந்து நிற்கும் முன்பின் தெரியாத ஆள் மாதிரி அவளை நடத்தினார். வாரங்கள் போயின. நினைத்தால் இன்றைக்கும் அவரைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கத் தோன்றுகிறது.

அவளும் லேசுப்பட்டவளா? எல்லோருக்கும் முன்னால் எழுந்து பின்கட்டுக்குப் போய்ப் பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறப்பாள். கறையைத் தூங்க விடக் கூடாது என்பது அவள் தொழில். தன்னுடையதையும் தூங்க விடவில்லை. வந்த வேகத்தில் அலசிவிடுவாள், அலசினதும் மறந்துவிடுவாள். துணி வெளுத்ததும் சங்கதி முடிந்தது என்று அவள் கை நம்பியது.

கடைசியில் பொறுக்க முடியாமல் இஸ்திரிக்காரர் கவுண்டருக்குப் போனார். மழைக்குப் பயந்து தெருவில் ஆள் இல்லை. தங்கை ஒரு கால்சட்டைக்கு ஜிப்பு மாற்றிக்கொண்டிருந்தாள்.

"உங்க அண்ணிகிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றார்.

"கேளேன். என்கிட்ட எதுக்கு வந்து நிக்கிற?"

"நீ கேளு."

"என்னத்தை?"

அவர் மென்று முழுங்கினார். "துணியில... கறை."

"கறையா? நம்ம கடையில கறை இல்லாம பூவா வரும்?"

"வீட்டுத் துணியில. அவளோடது."

தங்கைக்காரி ஊசியை நிறுத்தினாள். தெருவுக்கே வாயாடி என்று பேர் எடுத்தவள், குரலைத் தாழ்த்தினாள்.

"எத்தனை நாளா, அண்ணே?"

"நான் பாத்தே ஒரு மாசத்துக்கு மேல இருக்கும்."

"பாத்துட்டுச் சும்மாவா இருந்தே? கல்லுளிமங்கா!" என்று ஜிப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு அவள் பின்கட்டுக்கு நடந்தாள். கடைச்சட்டம் காற்றில் பறந்தது. அவர் பின்னாலேயே ஓடினார்.

கறையக்கா முழங்கை வரைக்கும் நுரையோடு நின்றிருந்தாள்.

"அண்ணி, உங்களுக்குத் திரும்ப வருதா?"

"எது?"

"எதுன்னா? அதுதான்."

கறையக்கா நாத்தனாரைத் தாண்டிப் புருஷனைப் பார்த்தாள். அவர் ஈரத்துணிக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றார்.

"ஓ, இஸ்திரிப்பெட்டி கோள் மூட்டியிருக்கா? ஆமா, வருது. இப்ப என்ன? வயசு திரும்புது போல. எனக்குன்னா சந்தோஷமாத்தான் இருக்கு" என்று சிரித்தாள்.

"சிரிக்காதீங்க அண்ணி. நின்னது நின்னதுதான். நின்ன பிறகு ஒரு சொட்டு வந்தாலும் டாக்டர்கிட்ட காட்டணும்."

"உடம்புச் சூடு. ரெண்டு நாள் மோர் குடிச்சா சரியாயிடும். போய்க் கவுண்டரைப் பாரு, யாராவது எதையாவது தூக்கிட்டுப் போயிடப் போறான்."

அவள் மறுபடியும் தொட்டிக்குள் கையை விட்டாள். பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அந்த வீட்டில் அவள் பேச்சை முடித்தால் முடிந்ததுதான். அன்றைக்கு மட்டும், துணிக்குப் பின்னாலிருந்து இஸ்திரிக்காரர் வெளியே வந்தார்.

"அது எப்படி வந்துச்சு?" என்றார்.

சொல்லிவிட்டு அவரே பயந்துபோனார். கறையக்கா நிமிர்ந்தாள்.

"நம்ம கடையில அப்படிக் கேக்கறதில்லையே" என்றாள், பாதி விளையாட்டாக.

"நீ கஸ்டமர் இல்ல" என்றார் அவர். "எனக்குப் பயமா இருக்கு. வா, போயிட்டு வந்துடலாம்."

அழுகிற ஆளில்லை அவர். அவர் கண்ணாடிக்குப் பின்னால் ஈரத்தைப் பார்த்ததும் கறையக்கா கையைத் துடைத்துக்கொண்டாள்.

டாக்டரம்மா வயசில் சின்னவள், பேச்சில் பெரியவள். எப்போதிருந்து, எவ்வளவு, தினமுமா, விட்டு விட்டா, கட்டியாக ஏதாவது வருகிறதா என்று கேட்டாள். கறையக்காவுக்குப் பதில் தெரியவில்லை. "வந்ததும் அலசிடுவேன் டாக்டரம்மா. எண்ணி வெக்கற பழக்கமில்ல" என்றாள். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவள் கையை ஒரு தரம் தொட்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இஸ்திரிக்காரருக்கு அந்தக் கேள்விகள் ஒவ்வொன்றும் தன்னைப் பார்த்துக் கேட்ட மாதிரி இருந்தது. ஒன்றைக்கூட அவர் மறக்கவில்லை.

ஸ்கேன் எடுத்தார்கள். கருப்பை உள்தோல் தடித்திருக்கிறது என்றார்கள். துளி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்த அன்றைக்கு மூன்று பேருமாகப் போனார்கள். நாத்தனாரை வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தும் அவள் கேட்கவில்லை.

"கருப்பை உள்தோல்ல புத்துநோய் இருக்கும்மா" என்றாள் டாக்டரம்மா. நேராகக் கறையக்காவைப் பார்த்தே சொன்னாள். "ஆரம்பத்துலயே பிடிச்ச மாதிரிதான் தெரியுது. எடுத்துப் பாத்தாத்தான் உறுதியா சொல்ல முடியும். கருப்பையையும் சினைப்பையையும் எடுத்துடணும். சீக்கிரம் செய்யணும்."

வெளியே மழை ஜன்னல் தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது.

"நான் யாருக்கு என்ன கெடுதல் செஞ்சேன்?" என்றாள் கறையக்கா, மெதுவாக.

"ஒண்ணும் செய்யல. இது செஞ்சதுக்கு வர்றது இல்ல."

"வெண்ணெய், வெண்ணெய்ன்னு ரொட்டியே தெரியாம தடவிச் சாப்பிட்டா?" என்று நாத்தனார் ஆரம்பித்தாள். அவளுக்கு அழுகை வந்தால் அது திட்டாகத்தான் வெளியே வரும். "நான் எத்தனை தரம் சொன்னேன் அண்ணி, உடம்பைக் குறைங்க, உடம்பைக் குறைங்கன்னு!"

"கொஞ்சம் இருங்க" என்றாள் டாக்டரம்மா. "உடம்புக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கு, இல்லன்னு சொல்லமாட்டேன். ஆனா அது குத்தம் இல்ல, காரணம். ஒல்லியா இருக்கறவங்களுக்கும் இது வருது. கனமா இருக்கற எல்லாருக்கும் வர்றதும் இல்ல."

பிறகு கறையக்கா பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து சொன்னாள். "கொழுப்புன்னா என்னன்னு நினைக்கறீங்க? சும்மா மூட்டை கட்டிப் போட்ட பழைய சாமான் மாதிரி, இல்லையா?"

"அப்படித்தானே?"

"இல்ல. அது வேலை நடக்கற இடம்மா. உங்க பின்கட்டு மாதிரி. அதுலேர்ந்து என்னென்னமோ சுரந்து ரத்தத்துல கலக்குது. மாசாமாசம் வந்துக்கிட்டிருந்த காலத்துல சினைப்பைதான் ஈஸ்ட்ரோஜன்னு ஒரு ஹார்மோனைக் குடுத்துச்சு. அது கருப்பை உள்தோலைப் பாத்து 'வளரு'ங்கும். அப்புறம் இன்னொரு ஹார்மோன் வந்து 'போதும்'ங்கும். அதுக்குப் பேரு புரோஜெஸ்டிரோன். வளந்தது உதிர்ந்துடும். கணக்கு நேராயிடும். வயசானதும் சினைப்பை கடையைச் சாத்திடுது."

"சாத்தினதுக்குத்தான் கேக்கு வாங்கினேன்."

"சினைப்பை சாத்திடுச்சு. கொழுப்பு சாத்தல. உடம்புல வேற ஒரு சரக்கு எப்பவும் சுத்திக்கிட்டிருக்கும், அதைப் பிடிச்சு கொழுப்பு ஈஸ்ட்ரோஜனா மாத்திக்கிட்டே இருக்கு. கொழுப்பு கூடக் கூட, அதுவும் கூடும். 'வளரு'ங்கற பேச்சு நிக்கறதே இல்ல. 'போதும்'னு சொல்ல ஆளில்ல."

"ஐயோ" என்றாள் நாத்தனார்.

"அதோட முடியல. லெப்டின்னு ஒண்ணையும் கொழுப்புதான் சுரக்குது. கொழுப்பு கூடினா அது கூடும், அதுவும் வளரத்தான் தூண்டிவிடும். அடக்கி வெக்கற அடிபோனெக்டின்னு ஒண்ணு இருக்கு, அது குறைஞ்சுடும். இன்சுலினும் ஏறும். எல்லாரும் ஒரே பக்கம் சேந்து தள்ளினா உள்தோல் எத்தனை நாள் தாங்கும்? ஒரு நாள் தாறுமாறா வளர ஆரம்பிச்சிடுது."

கறையக்கா தன் மடியைக் குனிந்து பார்த்தாள். அங்கே மடிந்து கிடந்த வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"எனக்குக் கொழுப்பு ஜாஸ்தின்னு எங்கம்மா சொல்லும். இவ்ளோ வேலைக்காரக் கொழுப்புன்னு அதுக்கும் தெரிஞ்சிருக்காது" என்றாள். சிரிக்கத்தான் சொன்னாள். சிரிப்பு வரவில்லை.

ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். வீட்டுக்கு வந்ததும் கறையக்கா போகமாட்டேன் என்றாள்.

ஏன் என்று கேட்டால் குழாயைத் திறப்பாள். ஆஸ்பத்திரிக்குப் பெட்டி கட்டு என்றால் தொட்டியைத் தேய்ப்பாள். ரொட்டியில் வெண்ணெய் தடவுவதை நிறுத்திவிட்டாள். அவித்த முட்டையையும் சூப்பையும் வைத்துக்கொண்டு அதையும் பாதியில் நகர்த்திவிடுவாள். இஸ்திரிக்காரர் கேட்டார், நாத்தனார் கத்தினாள், மகள் கெஞ்சினாள். கிணற்றில் போட்ட கல்லாக இருந்தாள்.

மகள்தான் ஒரு மத்தியானம் அதை வெளியே கொண்டுவந்தாள். தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்பார்கள். உடம்பிலும் குரலிலும் அம்மாவை உரித்து வைத்தவள். தொட்டி ஓரத்தில் அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்து, பேசாமல் காலரைத் தேய்த்துக்கொடுத்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அம்மாவே சொன்னாள்.

"ஸ்கேன் எடுக்கறப்போ ஒரு சட்டை குடுத்தாங்க. பின்னால முடிச்சுப் போடறது. எனக்கு எட்டல."

"கை எட்டலையா?"

"சட்டை எட்டல. இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி, நடுவுல நான். பெரிசு இல்லையான்னு கேட்டேன். இதுதான் பெரிசுன்னுட்டாங்க. அந்த நீள வராண்டாவுல, எத்தனை பேரு உக்காந்திருக்காங்க, ஒரு கையால பின்னால பிடிச்சுக்கிட்டே நடந்தேன்டி. யாரோ சிரிச்ச மாதிரி இருந்துச்சு. சிரிச்சாங்களோ இல்லையோ. செத்தாலும் சாவறேன், திரும்ப அந்தச் சட்டையப் போட்டுக்கிட்டு அங்க நடக்கமாட்டேன்."

மாடிப்படி அதிர இறங்குகிறவள், யார் பார்த்தால் எனக்கென்ன என்று இருக்கிறவள் என்று எல்லோரும் நினைத்த பெண்பிள்ளை அப்படிச் சொன்னாள். கயிற்றுத் துணிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த இஸ்திரிக்காரருக்கும் அது கேட்டது. அதே வராண்டாவில் அவர் அவளுக்கு முன்னால்தான் போனார். திரும்பிப் பார்க்கவில்லை.

விஷயம் கவுண்டருக்குப் போனது. நாத்தனார் கேட்டதும் வழக்கம்போலக் கத்தவில்லை. அலமாரியைத் திறந்தாள். யாரோ வாங்க வராமலே விட்டுப்போன பெரிய விரிப்பு ஒன்று கிடந்தது, நல்ல மெத்தென்ற பருத்தி, வெளிர் நீலம். அதை எடுத்து உதறினாள். "அண்ணே, இதைப் போட்டு அழுத்து" என்றாள். அவர் அழுத்தித் தந்ததும் வெட்டினாள், அன்றைய கஸ்டமர் வேலையை எல்லாம் ஒதுக்கிவிட்டு மெஷினில் உட்கார்ந்தாள். பின்பக்கம் ஒன்றின்மேல் ஒன்று ஏறி மூடுகிற மாதிரி, பக்கவாட்டில் கட்டுகிற மாதிரி, கழுத்தில் உறுத்தாமல் மடித்துத் தைத்து, முடித்ததும் பல்லால் நூலைக் கடித்தாள்.

கறையக்கா முன்னால் அதைக் கொண்டுபோய்ப் போட்டாள்.

"இந்தாங்க. இதுக்குள்ள நீங்களும் நானும் சேந்தே நுழையலாம். போதுமா?"

"என்னடி இது?"

"ஆஸ்பத்திரிச் சட்டை. அங்க பேசிட்டேன். வார்டுல இதைப் போட்டுக்கலாமாம், உள்ள கொண்டுபோறப்ப மட்டும் அவங்களே பெரிசாப் பாத்து எடுத்து வெக்கறோம்ன்னு நர்ஸம்மா சொல்லிட்டாங்க. சொல்லலைன்னா நான் விட்டிருப்பேனா?"

கறையக்கா சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தையலை இழுத்துப் பார்த்தாள்.

"பக்கவாட்டுல தையல் கொஞ்சம் கோணல்" என்றாள்.

"அழுதுக்கிட்டே தெச்சா கோணாம?" என்றாள் நாத்தனார். இரண்டு பேரும் தொட்டி ஓரத்திலேயே கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். சண்டை என்றாலும் சேர்ந்தே, அழுகை என்றாலும் சேர்ந்தே. அந்த வீட்டு அண்ணி நாத்தனார் உறவு அப்படி.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மகள் இஸ்திரி மேசை பக்கம் வந்து நின்றாள். அம்மாவும் அத்தையும் மாடியில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அப்பா, டாக்டர் என்ன சொன்னாங்க? அத்தை சொல்றது தலையும் புரியல, வாலும் புரியல."

முன்பென்றால் 'அம்மாகிட்ட கேளு' என்று தப்பித்திருப்பார். அன்றைக்குச் சொன்னார். பெட்டியை ஓட்டிக்கொண்டே, காதுமடல் சிவக்க, டாக்டரம்மா சொன்ன வரிசையிலேயே சொன்னார். கொழுப்பு சும்மா இருப்பதில்லையாம், வேலை செய்கிறதாம். 'வளரு' என்று ஒன்று, 'போதும்' என்று ஒன்று. 'போதும்' வராவிட்டால் உள்தோல் வளர்ந்துகொண்டே போகுமாம்.

"அம்மாவுக்கு நின்னுபோனதால 'போதும்' இல்ல, சரி. நிக்காதவங்களுக்கு?"

"அவங்களுக்கு மாசாமாசம் கருமுட்டை வந்தா 'போதும்' தானா வரும்ன்னாங்க."

"வரலைன்னா?"

"வயசுப் பொண்ணுங்களா இருந்தாலும், மாசக்கணக்கா வராம இருந்தா இதே கதைதானாம். காட்டிடணுமாம். அதுக்கு மருந்து இருக்காம்."

மகள் அவர் மடித்த துணியை எடுத்து அடுக்கினாள். வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு மழையில் போய்விட்டாள். அம்மாவை நினைத்துக் கலங்குகிறாள் என்று இஸ்திரிக்காரர் நினைத்தார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வயிற்றைப் பெரிதாகக் கிழிக்காமல் சின்னச் சின்னத் துளை போட்டே எடுத்துவிட்டார்கள். கனத்த உடம்புக்கு மயக்க மருந்து கொடுப்பதும் துளை போடுவதும் கஷ்டம்தான், ஆனால் காயம் ஆற அதுவே நல்லது என்றாள் டாக்டரம்மா. கறையக்கா கண் விழித்ததும் முதலில் கேட்டது, "கடையை யாரு பாத்துக்கறா?" என்றுதான். அடுத்த நாளே நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு அதே நீள வராண்டாவில் நடந்தாள். ஒரு கையில் புருஷன் தோள், இன்னொரு கை வீசி நடந்தது. இந்தத் தடவை இஸ்திரிக்காரர் முன்னால் போகவில்லை.

எடுத்ததைச் சோதித்துப் பார்த்த முடிவு வரும்வரை வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. டாக்டரம்மா கூப்பிட்டனுப்பினாள். நோய் உள்தோலைத் தாண்டி எங்கேயும் போகவில்லை, வேறு வைத்தியம் எதுவும் தேவையில்லை, அவ்வப்போது வந்து காட்டினால் போதும் என்றாள். "இந்த நோய்ல ஒரு நல்ல குணம், ஆரம்பத்துலயே ரத்தம் காட்டிக் குடுத்துடும். காட்டினதை நாம மறைச்சாத்தான் ஆபத்து. இனிமே கொஞ்சம் நடங்க, எடையை மெல்ல மெல்ல இறக்குங்க. சர்க்கரைக்கும் நல்லது, இதயத்துக்கும் நல்லது. கூட யாராவது சேந்து நடந்தா விடாம நடப்பீங்க."

"அதுக்குத்தான் நாத்தனார் இருக்காளே. நான் நடந்தா அவ பேசிக்கிட்டே வருவா. அவ வாய்க்கும் நடந்த மாதிரி இருக்கும்" என்றாள் கறையக்கா. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. இஸ்திரிக்காரர் வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, மனசார அழுதார்.

மழை விட்டிருந்தது. கடை வாசலில் வெயில் இறங்கியிருந்தது. கறையக்கா மாடியில் படுத்துக்கொண்டு, பின்கட்டில் என்ன நடக்கிறது என்று கத்திக் கத்திக் கேட்டுக்கொண்டிருந்தாள். கவுண்டரில் ஒரு அம்மாள் திரைச்சீலை மூட்டையோடு நின்றிருந்தாள். நாத்தனார் சீட்டு போட்டுக்கொண்டிருந்தாள். மகள் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தவள், மூட்டையை இறக்காமல் அப்பாவிடம் வந்து நின்றாள்.

"அப்பா."

"ம்."

"அம்மாகிட்ட சொன்னா பயந்துடும், இப்பத்தான் எந்திரிச்சு உக்காருது. அதான் உங்ககிட்ட சொல்றேன்." துணியின் ஓரத்தைப் பிடித்து முறுக்கினாள். "எனக்கு வர்றதில்லப்பா. ரொம்ப மாசமா."

இஸ்திரிக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். துணியைப் பார்க்கவில்லை. மகள் முகத்தைப் பார்த்தார்.

"கடைசியா எப்ப வந்துச்சு?"

"போன வெயில் காலத்துல."

"அதுக்கு முன்னாடி ஒழுங்கா வந்துச்சா?"

"இல்லப்பா. எப்பவும் தாறுமாறுதான். தொல்லை இல்லைன்னு நானும் விட்டுட்டேன்."

"நடுவுல திட்டுத்திட்டா ஏதாவது? வலி?"

"இல்ல." அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "டாக்டர் மாதிரி கேக்கறீங்க."

"கேட்டப்போ பக்கத்துலதானே இருந்தேன்."

"எனக்கும் அம்மா மாதிரி..."

"இல்ல. அந்த நோய் வராம இருக்கறதுக்குத்தான் போறோம். 'போதும்'னு சொல்றதுக்கு மருந்து இருக்கு. உனக்கு இன்னும் நேரம் இருக்கு." சுவிட்சை அணைத்தார். "வா, வண்டியை எடு."

"இப்பவேவா? மேசை நிறைய துணி கிடக்கே."

"கிடக்கட்டும்."

இரண்டு பேரும் கவுண்டரைத் தாண்டும்போது நாத்தனார் தலையைத் தூக்கினாள். "வேலை நேரத்துல அப்பனும் மகளும் எங்க கிளம்பிட்டீங்க?"

இஸ்திரிக்காரர் மகளைப் பார்த்தார். கஸ்டமர் நிற்கிறாள், எப்படிச் சொல்வது என்று அவர் தயங்கின அந்த நேரத்தில் மகளே சொன்னாள். அம்மாவுடைய அதே குரல், மாடிக்கும் கேட்கிற குரல்.

"எனக்கு மாசாமாசம் வர்றதில்ல அத்தை. டாக்டர்கிட்ட காட்டப் போறோம்."

நாத்தனார் எழுதிக்கொண்டிருந்த சீட்டைக் கீழே வைத்தாள். மாடியில் கட்டில் கிறீச்சிட்டது. "நல்லாக் காட்டிட்டு வா, கண்ணு!" என்று கறையக்கா சத்தம் வந்தது.

இருவரும் வாசல்படி இறங்கப் போனார்கள். திரைச்சீலை மூட்டைக்காரம்மாள் பின்னாலேயே இரண்டடி வந்தாள். தெருவை ஒரு பக்கம் பார்த்தாள், மறு பக்கம் பார்த்தாள். குரலைத் தாழ்த்தி இஸ்திரிக்காரரிடம் கேட்டாள்.

"அந்த டாக்டரம்மா எங்க இருக்காங்க?"

"வண்டியில இடம் இருக்கும்மா, ஏறுங்க" என்றார் அவர்.